‘ஸ்மார்ட்’ என்றால் பாராட்டா, திட்டா?

கேள்வி: அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்காக வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பில்லில் தவறு எதுவும் இல்லை என்று வரிவரியாக விளக்கியபோது, ஒருவர் ‘டோன்ட் கெட் ஸ்மார்ட் வித் மீ’ என்றார். நான் ‘தேங்க்யூ சார்’ என்றேன். மனிதர் கொதித்துப்போனார். ஸ்மார்ட் நல்ல வார்த்தைதானே?

பதில்: அவர் சொன்னது, ‘என்கிட்டயே உன் சாமர்த்தியத்தைக் காட்டாதே’ என்று. அதற்கு நீங்கள் நன்றி சொன்னால் கிண்டல் செய்வதாகத்தான் நினைத்திருப்பார்.

இந்தச் சொல் பிறந்ததே வலியில். பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்மார்ட்’ என்றால் சுரீரென்று வலிப்பது. ஜெர்மன் மொழியில் வலிக்கு இன்றும் ‘ஷ்மெர்ட்ஸ்’ என்றே பெயர். இரண்டுக்கும் வேர் ஒன்று. ஆங்கிலத்திலும் அந்தப் பொருள் செத்துவிடவில்லை. கண்ணில் ஷாம்பு பட்டு எரிந்தால் ‘மை ஐஸ் ஆர் ஸ்மார்ட்டிங்’ என்பார்கள்.

சுரீரென்று விழும் அடியிலிருந்து சுருக்கென்று தைக்கும் பேச்சுக்கும், வேகத்துக்கும் பொருள் தாவியது. ‘ஸ்மார்ட் பேஸ்’ என்றால் விறுவிறு நடை. 17ஆம் நூற்றாண்டில் மூளையின் வேகம், அதாவது புத்திசாலித்தனம். 18ஆம் நூற்றாண்டில் மிடுக்கான உடை. எந்திரங்களுக்கு இந்தப் பெயர் வந்தது பிந்தி: 1970களில் இலக்கைத் தேடிப் போகும் ‘ஸ்மார்ட் பாம்’, அப்புறம் கார்டு, போன். 2017இல் தமிழ்நாட்டு ரேஷன் அட்டைகூட ஸ்மார்ட் ஆகிவிட்டது!

உங்களைத் திட்டியது அந்தத் தைக்கும் பேச்சின் வாரிசு. வாய்த்துடுக்குக்காரரை ‘ஸ்மார்ட் அலெக்’ என்பதும் இதே வகை. அமெரிக்கர் ‘யு ஆர் ஸ்மார்ட்’ என்றால் பெரும்பாலும் பாராட்டு. ‘டோன்ட் கெட்’ என்று தொடங்கினாலோ, பின்னால் ‘வித் மீ’ ஒட்டிக்கொண்டாலோ எச்சரிக்கை.

இன்னொரு குழப்பமும் உண்டு. ‘பையன் ஸ்மார்ட்டா இருக்கான்’ என்று நாம் சொல்வது பார்வைக்கு லட்சணமாக இருப்பதை. பிரிட்டனில் ‘யு லுக் ஸ்மார்ட்’ என்றால் உடை நேர்த்தி; அந்த வழக்குக்கு நாம் கொஞ்சம் பக்கம். அமெரிக்கரிடம் ‘யுவர் சன் இஸ் ஸ்மார்ட்’ என்றால் அவர் பிள்ளையின் மார்க்கைத்தான் நினைப்பார். அழைப்பிதழில் ‘ஸ்மார்ட் கேஷுவல்’ என்றிருந்தால் காலர் வைத்த சட்டையும் நல்ல ஷூவும் போதும். டை வேண்டாம், கிழிந்த ஜீன்ஸும் வேண்டாம். வேலை விண்ணப்பத்தில் மட்டும் உங்களை நீங்களே ஸ்மார்ட் என்று எழுதிக்கொள்ளாதீர்கள், தற்பெருமையாகத் தெரியும்.

மறுபடியும் யாராவது அப்படிச் சொன்னால், ‘ஐயம் சாரி, ஐ டிட்ன்ட் மீன் இட் தட் வே’ என்று சொல்லிவிட்டு ஒரு மூச்சு நிறுத்துங்கள். பிறகு பில்லின் முதல் வரியிலிருந்து மெதுவாகத் தொடங்குங்கள். விளக்கம் சரியாகவே இருந்தாலும், சொல்லும் வேகம் சிலருக்குத் துடுக்காகக் கேட்கும்.