நகராட்சி ஓய்வூதியத்தில் எதைக் கூட்டலாம்? கேள்வி பதில்

நகராட்சி ஊழியர்களின் ஓய்வூதிய நிதி ஒன்றில் கணக்குப் பிரிவில் நெடுநாள் இருந்தவன் நான். திட்டத்தில் என்ன மாற்றம் கேட்கலாம், எதில் கை சுடும் என்று கேளுங்கள். "எனக்கு எவ்வளவு வரும்" என்று மட்டும் வேண்டாம். உங்கள் பணிப்பதிவேடு என்னிடம் இல்லை.

கே: எங்கள் நிதியில் கொடுக்க வேண்டியதைவிடக் கையிருப்பு 5 சதவீதம் அதிகம். பணிபுரிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் சம்பளத்தில் 2 சதவீதம் என்பதை 2.25 ஆக்கச் சொல்கிறோம். கால் சதவீதம்தானே?

ப: அந்தத் "தானே"யில்தான் எல்லாம் இருக்கிறது. 30 வருடம் வேலை பார்த்தவருக்கு இப்போது 60 சதவீதம், மாற்றினால் 67.5. எட்டில் ஒரு பங்கு கூடுகிறது. ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களை ஒதுக்கிவிட்டு, பணியில் இருப்பவர்களின் கணக்கை மட்டும் பாருங்கள். இதுவரை உழைத்ததற்காக அவர்களுக்குத் தர வேண்டியது 100, கையில் 105 என்று வையுங்கள். தீர்மானம் நிறைவேறிய மறுநாள் தர வேண்டியது 112.5. கையில் அதே 105. உபரியாக இருந்த நிதி ஒரே இரவில் 93 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது, சந்தை ஒரு புள்ளிகூடச் சரியாமலே.

காரணம், முடிந்துபோன வருடங்களுக்கும் சேர்த்துக் கொடுப்பது. இனி வரும் பணிக்காலத்துக்கு மட்டும் என்றால் இந்தக் குழி விழாது, மாதப் பங்களிப்புதான் கூடும். எனவே வரைவு கைக்கு வந்ததும் "கடந்த பணிக்காலம்" என்ற சொல்லைத் தேடுங்கள். அப்புறம் ஒன்று: நல்ல வருடத்து லாபத்தை நம்பி ஆயுளுக்கும் வாக்கு கொடுக்காதீர்கள். இன்னும் சில தடவை இதைச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: ஓய்வூதியத்துக்கு வருமான வரி எப்படிப் பிடிப்பார்கள்?

ப: வரி ஆலோசகரைக் கேளுங்கள்.

கே: ஓய்வு வயதை 60-லிருந்து 55 ஆக்கினால் இளைஞர்களுக்கு வேலை கிடைக்குமே?

ப: வேலை கிடைக்கலாம். நிதிக்கு அடி இரண்டு பக்கமும். ஐந்து வருடப் பங்களிப்பு வராது, ஐந்து வருட ஓய்வூதியம் கூடுதலாகப் போகும். தொகையைக் குறைத்துக்கொண்டு முன்கூட்டியே போக விரும்புபவர் போகட்டும். குறைக்காமல் அனுப்புவதுதான் விலை உயர்ந்த சலுகை.

கே: 27 வருடம் ஆகிறது. 2.25 ஆக்கினால் எனக்கு எவ்வளவு?

ப: 27-ஐ 2.25-ஆல் பெருக்குங்கள்.

கே: உபரி எங்கள் உழைப்பின் பணம். அதைத் தொடக்கூடாது என்று சொல்ல நீங்கள் யார்?

ப: தொடக்கூடாது என்று சொல்லவில்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் நல்ல வருடங்களில் உபரி லாபத்திலிருந்து, பன்னிரண்டு மாத ஓய்வூதியத்துக்கு மேல் "13-வது காசோலை" என்று கூடுதலாகக் கொடுத்துவந்தார்கள். 2013-இல் நகரம் திவாலானது. பொது ஊழியர்களின் ஓய்வூதியத்தில் 4.5 சதவீதம் வெட்டினார்கள், விலைவாசி உயர்வுத் தொகையை அடியோடு நிறுத்தினார்கள்.

கே (அதே நண்பர்): அங்கே மக்கள்தொகையே பாதிக்கு மேல் போய்விட்டது. கடன் மேல் கடன். காசோலையால் திவாலானதா? நல்ல வருடங்களில் நகராட்சிகள் தங்கள் பங்கைக் கட்டாமல் விட்டதைப் பற்றி ஏன் பேச மாட்டேன் என்கிறீர்கள்?

ப: சரி, காசோலையால் மட்டும் இல்லை. இரண்டாவது விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் நியாயம். உபரியைச் சாப்பிடுவது ஊழியர் மட்டுமல்ல. அமெரிக்காவின் இன்னொரு நகரமான சான் டியகோவில் 1996-லும் 2002-லும் நடந்தது இரண்டு தரப்பும் சேர்ந்து செய்தது. நகரம் கட்ட வேண்டியதைவிடக் குறைவாகக் கட்டும், அதற்கு ஈடாக ஓய்வூதியப் பலன் கூடும். கூடுதலாக வாக்கு, குறைவாகப் பணம், ஒரே ஒப்பந்தத்தில்! பற்றாக்குறையைக் கடன் பத்திரம் வாங்கியவர்களிடம் சொல்லவில்லை என்று 2006-இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் அந்த நகரத்தின்மீது நடவடிக்கை எடுத்தது. ஆகவே பலனைக் கூட்டும் தீர்மானத்திலேயே, நிதி நிறையும்வரை நகராட்சி தன் பங்கில் ஒரு காசும் குறைக்கக்கூடாது என்று எழுதி வாங்குங்கள். உபரி யாருடையது என்ற சண்டையைவிட இதில்தான் உங்களுக்கு லாபம்.

கே (அவரே): இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

ப: நீங்கள் முதலிலேயே கேட்டிருக்கலாம்.

கே: 22 வருடம் முடிந்தது. என் தொகை?

ப: மேலே 27 வருடக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கே: ஓய்வூதியத்தைக் கணக்கிடக் கடைசி ஐந்து வருடச் சம்பளச் சராசரிக்குப் பதில் கடைசி ஒரு வருடச் சம்பளம் என்று மாற்றலாமா?

ப: வேண்டாம். மிகைநேரப் படியும் கணக்கில் சேருமானால், ஓய்வுக்கு முந்தைய வருடம் சிலர் வீட்டுக்கே போக மாட்டார்கள். அந்தப் பன்னிரண்டு மாதத்துக்கு நிதி இருபது வருடம் பணம் கட்டும்.

கே: இந்த வருடம் முதலீட்டில் நல்ல லாபம். இதை வைத்து...

ப: நல்ல வருடத்து லாபத்தை நம்பி... மீதி உங்களுக்கே தெரியும்.

கே: சரி, ஒன்றே ஒன்றுதான் கூட்ட முடியும் என்றால் நீங்கள் எதைக் கூட்டுவீர்கள்?

ப: விலைவாசி ஈடு, அதுவும் ஓய்வு பெற்று ரொம்ப நாள் ஆனவர்களுக்கு. வருடம் 3 சதவீதம் விலை ஏறினால் 24 வருடத்தில் பணத்தின் மதிப்பு பாதியாகிவிடும். 60 வயதில் போனவருக்கு அது 84-இல் வரும். வேலைக்குத் திரும்பவும் முடியாது. கணவரின் ஓய்வூதியத்தில் பாதியை வாங்கும் மனைவியாக இருந்தால், அந்தப் பாதியிலும் பாதி. ஆனால் 3 சதவீத உயர்வு கூட்டுவட்டி போல என்பதும் தனிவட்டி போல என்பதும் ஒன்றல்ல. 100 தனியில் இருபது வருடத்தில் 160 ஆகும், கூட்டில் 180-ஐத் தாண்டும். எது என்பதை வரைவில் எழுதச் சொல்லிவிட்டு, அதன் செலவை ஆக்சுவரியிடம் (நிதி வருங்காலத்தில் தர வேண்டியதைக் கணக்கிடும் நிபுணர்) எழுத்தில் வாங்கி, அப்புறம் கை தூக்குங்கள்.

கே: சார், 31 வருடம்...

ப: இன்றைக்கு இவ்வளவுதான்.