இயலாமை பற்றிய முதுமாணிப் படிப்பு, ஆசிரியருக்கும் சுகாதாரத் துறையினருக்கும் உண்மையில் பயன் தருமா?

மட்டக்களப்பில் தாதியாகப் பணிபுரிவதாகவும், இந்தப் படிப்புக்கு இவ்வளவு பணம் செலவழிப்பது தகுமா என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். சம்பளத்தை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்றால், எனக்கு ஒரு ரூபாயும் கூடவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருந்தும் படியுங்கள் என்பதே என் பதில். ஆனால், ஆசிரியர்களும் சுகாதாரத் துறையினரும் ஒரே வகுப்பில் இருக்கும் படிப்பாகப் பார்த்துச் சேருங்கள்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பாடசாலை ஒன்றின் விசேட கல்வி அலகில் ஆசிரியை. மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பையன் இரண்டு வருடமாக என்னிடம் இருந்தான். பென்சிலைக் கொடுத்தால், இடக்கையால் கதிரை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் ஒரு கோடு இழுப்பதற்குள் உடம்பு ஒருபக்கம் சரிந்துவிடும். சற்று நேரத்தில் பென்சிலை வீசிவிடுவான். என் குறிப்புக் கொப்பியில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எத்தனை நாள் எழுதினேன் என்பதை இப்போது புரட்டிப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

அந்த நிலையில்தான் 2021இல் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் தொலைக்கல்வி முதுமாணியில் சேர்ந்தேன். இயலாமையை உடற்குறையாக மட்டும் கருதாமல், உடலின் தொழிற்பாடு, அன்றாடச் செயல்கள், பங்கேற்பு, சூழல் என்று சேர்த்துப் பார்க்கும் வகைப்பாடு ஒன்றை உலக சுகாதார நிறுவனம் 2001இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி ஒரு பிள்ளையைப் பற்றி எழுதுவதே எங்களின் முதல் ஒப்படை. உடலைப் பற்றிய பகுதி பக்கக்கணக்கில் நிறைந்தது. 'சூழல்' என்ற தலைப்பின் கீழ் 'வகுப்பறை, கரும்பலகை' என்பதற்கு மேல் எனக்கு எதுவும் வரவில்லை.

பையனின் அம்மம்மாவிடம் சம்மதம் கேட்டு, முகம் தெரியாமல் எடுத்த ஒரு படத்தைக் குழுக் கலந்துரையாடலில் காட்டினேன். அம்பாறை மாவட்ட வைத்தியசாலை ஒன்றில் பணியாற்றும் இயன்மருத்துவர் ஒருவர் எங்கள் குழுவில் இருந்தார். அவர் கேட்டது ஒன்றுதான்: "டீச்சர், பிள்ளையின் பாதம் எங்கே படுகிறது?" எங்கும் படவில்லை. கதிரை பெரியது, கால்கள் அந்தரத்தில் தொங்கின. இடுப்பும் பாதமும் ஊன்றி இருந்தால்தான் உடம்பு நிமிரும், உடம்பு நிமிர்ந்தால்தான் கை விடுபடும் என்று அவர் விளக்கினார். விழாமல் இருப்பதற்கே பாடுபட்ட பிள்ளையிடம் நான் 'அ' எழுதச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் ஒரு மரக்கட்டையைக் காலுக்குக் கீழே வைத்தபோது, கூட்டிவந்த அம்மம்மா சிரித்துவிட்டார். "வீட்டுலயும் கட்டையில கால வெச்சாத்தான் இவன் கையால அள்ளித் தின்னுவான் டீச்சர். நீங்க கேக்கல்லயே." கிளினிக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இருக்கும்போது காலுக்குத் தாங்கல் தேவை என்று அதிலும் எழுதியிருந்தது. வைத்தியசாலையிலிருந்து பாடசாலைக்கு அந்தக் கொப்பி ஒருநாளும் வந்ததில்லை; என் கொப்பியும் அங்கே போனதில்லை.

ஒரு கட்டையை வைப்பதற்கு முதுமாணி எதற்கு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்விதான். ஆசிரிய பயிற்சியும் சான்றிதழ்களும் இருந்தும் இரண்டு வருடம் அந்தக் கட்டையை வைக்காதவள் நான் என்பதைத் தவிர, அவர்களுக்குச் சொல்ல என்னிடம் வேறு பதில் இல்லை. எல்லாப் பிள்ளைக்கும் கட்டை வைத்தால் எழுத்து வந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆறவில்லை. இயலாமை உடையோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், 2006ஆம் ஆண்டின் அணுகல் வசதி ஒழுங்குவிதிகள், அதே உரிமைகள் பற்றி இலங்கை 2016இல் ஏற்றுறுதிப்படுத்திய ஐக்கிய நாடுகள் சமவாயம் எல்லாம் அதுவரை எனக்குப் பரீட்சை விடைகளாகவே இருந்தன. படித்த பிறகு எங்கள் பாடசாலைச் சாய்தளத்தை அளந்தேன். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது பொதுவான அளவு. இரண்டடி உயரப் படிக்கு எங்களிடம் இருந்தது ஏழடிச் சாய்தளம்; சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஏறுவதற்கு இரண்டு பேர் வேண்டும். உரிய அலுவலகத்துக்கு எழுதினேன். சாய்தளம் ஏற்கெனவே வழங்கப்பட்டுள்ளது என்று, திறப்பு விழாப் படத்தையும் இணைத்துப் பதில் அனுப்பினார்கள்.

செலவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெளிநாட்டு நாணயத்தில் தவணை கட்டுவதாக இருந்தால் நன்றாக யோசியுங்கள். நான் சேர்ந்தபோது ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர், 2022 மே மாதத்தில் 350ஐத் தாண்டியிருந்தது. இரண்டாம் தவணைக்கு ஒரு சோடிக் காப்பு போனது. அந்த மார்ச் இறுதியில் 13 மணித்தியால மின்வெட்டு வேறு. ஒப்படையைக் கைப்பேசியில்தான் எழுதி முடித்தேன். பணம் கட்டுவதற்கு முன், அந்தப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நாட்டிலேயே படிக்க விரும்பினால், திறந்த பல்கலைக்கழகத்தின் விசேட தேவைக் கல்வித் துறையிலும், ராகமையில் உள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் இயலாமைக் கற்கைகள் துறையிலும் விசாரியுங்கள். திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பிலேயே பிராந்திய நிலையம் உண்டு.

பையன் இப்போது தன் பெயரை எழுதுகிறான், கோணலாகத்தான். கால் வளர வளர அந்தக் கட்டையை இரண்டு முறை அறுத்துக் குறைத்தாயிற்று.