மாடல் டி-க்கு முன்பே ஆயிரக்கணக்கில் விற்ற அமெரிக்கக் கார் எது, அது ஏன் நிலைக்கவில்லை?

பெரும் எண்ணிக்கையில் தயாரான முதல் அமெரிக்கக் கார் ஃபோர்டின் மாடல் டி இல்லை என்றால் வேறு எது, அது ஏன் நிலைக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அது ஓல்ட்ஸ்மொபைல் 'கர்வ்டு டாஷ்'. மாடல் டி 1908-இல் சந்தைக்கு வருவதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, மிச்சிகன் மாநிலத்தில் ரான்சம் ஓல்ட்ஸ் இதைத் தயாரித்து 650 டாலருக்கு விற்கத் தொடங்கிவிட்டார். 1901-இல் 425 வண்டிகள், அடுத்த ஆண்டு 2,500, 1903-இல் சுமார் 4,000, 1904-இல் 5,000-க்கும் மேல் என்று உற்பத்தி ஏறிக்கொண்டே போனது. கார் என்பது பணக்காரர்களின் விளையாட்டுப் பொருளாக இருந்த காலத்தில் இது சாதாரண எண்ணிக்கை அல்ல.

படத்தில் பார்த்தால் குதிரையை அவிழ்த்துவிட்ட வண்டி என்றுதான் தோன்றும். 'டாஷ்' எனப்படும் முன்பக்கப் பலகை பனிச்சறுக்கு வண்டியின் முனையைப் போல மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். ஸ்டியரிங் சக்கரம் கிடையாது. ஓட்டுபவர் ஒரு நீண்ட பிடியை ஒரு கையால் இடமும் வலமும் தள்ளித் திருப்ப வேண்டும். இருவர் உட்காரும் இருக்கைக்கு அடியில் ஏறத்தாழ 1.6 லிட்டர் கொள்ளளவுள்ள ஒற்றை சிலிண்டர் எஞ்சின் படுக்கைவாட்டில் கிடக்கும். அது நிமிடத்துக்கு 500 சுற்று அளவில் மெதுவாக இயங்கும். முன்னோக்கி இரண்டு கியர், பின்னோக்கி ஒன்று. அங்கிருந்து ஒரு செயின் பின் அச்சைச் சுழற்றும். எனக்குப் பிடித்த அம்சம் ஸ்பிரிங்தான். முன் அச்சிலிருந்து பின் அச்சு வரை இருபுறமும் நீளமாக ஓடும் பட்டை ஸ்பிரிங்குகளே சட்டத்தின் வேலையில் பாதியைப் பார்த்துக்கொண்டதால், வண்டியின் மொத்த எடை 320 கிலோ அளவிலேயே நின்றது. எஞ்சினை முடுக்கும் கைப்பிடி இருக்கைக்குப் பக்கவாட்டில் இருந்ததால் கீழே இறங்காமலே சுழற்றிவிடலாம்.

இந்த வண்டியைப் பற்றி எழுதும் எல்லோரும் 1901 மார்ச் 9-ஆம் தேதித் தீ விபத்தில் தொடங்குவார்கள். டெட்ராய்ட்டின் ஜெஃபர்சன் அவென்யூவில் இருந்த ஓல்ட்ஸ் தொழிற்சாலை அன்று எரிந்தது. அப்போது மின்சார வண்டி உட்படப் பல மாதிரிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள் என்றும், அவற்றில் ஒரே ஒரு கர்வ்டு டாஷை மட்டும் ஒரு பணியாளர் வெளியே தள்ளிக் காப்பாற்றினார் என்றும், வேறு வழியில்லாமல் அதையே பிரித்துப் பார்த்து வரைபடம் போட்டு உற்பத்தியைத் தொடங்கினார்கள் என்றும் கதை போகும். தீ விபத்து உண்மை. ஆனால் அதற்கு முன்பே இந்த மாதிரிக்கு விளம்பரம் கொடுத்து ஆர்டர் வாங்க ஆரம்பித்துவிட்டதால், தீதான் முடிவெடுத்தது என்பதை நான் நம்புவதில்லை. தீ செய்தது வேறொன்று. இடமும் இயந்திரங்களும் போன நிலையில், பாகங்களை வெளியே கொடுத்துச் செய்து வாங்கும் தேவை மேலும் கூடியது.

உதிரிபாகத் துறையில் இருப்பவன் என்பதால் என் கண் இங்கேதான் நிற்கிறது. கியர்பெட்டி ஜான் டாட்ஜ், ஹொரேஸ் டாட்ஜ் சகோதரர்களின் பட்டறையிலிருந்து வந்தது. எஞ்சின்களை ஹென்றி லீலண்டின் லீலண்ட் அண்டு ஃபால்கனர் நிறுவனம் செய்து கொடுத்தது. ரேடியேட்டர் பிரிஸ்கோ சகோதரர்களுடையது. ஒரே வரைபடத்தை வைத்துச் செய்திருந்தாலும் லீலண்டின் பட்டறையில் பாகங்களின் அளவு மிகத் துல்லியமாக இருந்ததால், அவருடைய எஞ்சின் ஓல்ட்ஸின் சொந்த எஞ்சினைவிடக் கூடுதல் திறன் காட்டியது. லீலண்ட் அதோடு நிற்காமல் வால்வையும் மற்றவற்றையும் மாற்றி, 10 குதிரைத்திறனை எட்டும் எஞ்சின் ஒன்றை உருவாக்கிக் கொண்டுவந்து காட்டினார். ஓல்ட்ஸ் தரப்பு அதை ஏற்கவில்லை. ஆர்டர் குவிந்து கிடக்கும் நேரத்தில் வடிவமைப்பை மாற்றினால் உற்பத்தி தடைபடும் என்பது அவர்கள் கவலை. சப்ளையராக இருந்து பார்த்தவர்களுக்கு இந்தப் பதில் பழக்கமானதுதான்.

1902-இல் ஹென்றி ஃபோர்டு தம்முடைய இரண்டாவது நிறுவனத்தை விட்டு விலகியதும், அதன் முதலீட்டாளர்கள் சொத்துகளை மதிப்பிட்டு விற்றுவிடலாம் என்று லீலண்டை அழைத்தார்கள். அவர் அதே எஞ்சினைக் கையோடு கொண்டுபோய், மூட வேண்டாம், இதை வைத்துக் கார் செய்யுங்கள் என்றார். அதுதான் காடிலாக். டாட்ஜ் சகோதரர்கள் 1903-இல் ஃபோர்டின் புதிய நிறுவனத்துக்கு எஞ்சினும் கியர்பெட்டியும் பொருத்திய அடிச்சட்டங்களை ஒன்று 250 டாலர் வீதம் 650 செய்து தர ஒப்புக்கொண்டு, பத்து விழுக்காடு பங்கும் பெற்றார்கள். 1919-இல் அந்தப் பங்குகளை ஃபோர்டு திரும்ப வாங்கியபோது கொடுத்த விலை 2.5 கோடி டாலர். பெஞ்சமின் பிரிஸ்கோ, ஓல்ட்ஸிடம் வேலை பார்த்த ஜோனாதன் மாக்ஸ்வெல்லோடு சேர்ந்து தனிக் கார் நிறுவனம் தொடங்கினார். ஓல்ட்ஸிடம் பயிற்சி பெற்ற ராய் சேப்பினும் ஹாவர்டு காஃபினும் பின்னாளில் ஹட்சன் கார் நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

இந்தச் சேப்பின்தான் 1901-இன் இறுதியில் ஒரு கர்வ்டு டாஷை டெட்ராய்ட்டிலிருந்து நியூயார்க் கண்காட்சிக்கு ஏழரை நாளில் ஓட்டிச் சென்றவர். சாலை முழுவதும் சேறாக இருந்ததால், ஈரி கால்வாய் ஓரம் படகு இழுக்கும் கோவேறு கழுதைகள் நடக்கும் பாதையில் வண்டியை விட்டார். 1905-இல் 'ஓல்டு ஸ்கவுட்', 'ஓல்டு ஸ்டெடி' என்ற இரண்டு கர்வ்டு டாஷ் வண்டிகள் நியூயார்க்கிலிருந்து ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்டு வரை போட்டியிட்டு ஓடின. முதலில் சேர்ந்த வண்டிக்கு 44 நாள் பிடித்தது.

இடையில் ஒன்று. அசெம்பிளி லைனைக் கண்டுபிடித்தவர் ஓல்ட்ஸ்தான் என்று இணையத்தில் அடிக்கடி எழுதுகிறார்கள். ஒரே மாதிரியை வரிசைமுறையில் அடுத்தடுத்துக் கட்டியது அவருடைய சாதனை. ஆனால் வேலை தானே நகர்ந்து தொழிலாளியிடம் வரும் வரிசை 1913-இல் ஃபோர்டின் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில்தான் கார் உற்பத்திக்கு வந்தது. இரண்டையும் ஒன்றாக்குவது இருவருக்குமே நியாயம் அல்ல.

ஏன் மறைந்தது என்பதற்கு வருகிறேன். நிறுவனத்தில் பெரும்பான்மைப் பங்கு ஓல்ட்ஸிடம் இல்லை. 1899-இல் பணம் போட்ட சாமுவேல் ஸ்மித் குடும்பத்திடம் இருந்தது. நிர்வாகத்தைப் பார்த்த மகன் ஃபிரெடரிக் ஸ்மித்துக்குப் பெரிய, விலையுயர்ந்த கார்கள்மீது நாட்டம். ஓல்ட்ஸோ மலிவான சிறு வண்டியை விட மனமில்லாதவர். 1904-இல் அவர் வெளியேறி, ஓல்ட்ஸ்மொபைல் தொழிற்சாலையும் இருந்த மிச்சிகனின் லான்சிங் நகரிலேயே தம் பெயரின் முதலெழுத்துகளால் 'ரியோ' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அது சில ஆண்டுகளிலேயே ஓல்ட்ஸ்மொபைலை விற்பனையில் முந்தியது. அதற்காக எல்லாப் பழியையும் ஸ்மித் மீது போட முடியாது. எஞ்சினை முன்னால் வைத்து, ஸ்டியரிங் சக்கரத்தோடு, நான்கு பேர் உட்காரும் வண்டிகள் பரவத் தொடங்கியதும் இருவருக்கான ஒற்றை சிலிண்டர் வண்டி பழையதாகிவிட்டது. மொத்தம் சுமார் 19,000 வண்டிகளோடு 1907-இல் கர்வ்டு டாஷ் நின்றது. அதன் இடத்தில் வந்த விலையுயர்ந்த மாதிரிகள் அந்த எண்ணிக்கையை எட்டவே இல்லை. 1908-இல் ஓல்ட்ஸ்மொபைலின் ஆண்டு விற்பனை ஆயிரத்துச் சொச்சமாகச் சுருங்கியது.

அந்த ஆண்டே ஜெனரல் மோட்டார்ஸின் நிறுவனர் வில்லியம் டூரண்டு அதற்காக ஓல்ட்ஸ்மொபைலை வாங்கினார். விற்க மலிவான மாதிரி எதுவும் இல்லாததால், அதே ஜெனரல் மோட்டார்ஸின் இன்னொரு பிராண்டான பியூயிக் வண்டி ஒன்றின் மர உடலை லான்சிங்குக்குக் கொண்டுவரச் செய்து, நீளவாக்கிலும் குறுக்கிலும் ரம்பத்தால் அறுத்து, துண்டுகளைச் சற்று விலக்கி வைத்து, இந்த அளவில் ஒரு கார் செய்யுங்கள் என்றார் என்று சொல்வார்கள். அப்படி வந்த 'மாடல் 20' 1,200 டாலருக்கு விற்றது. 1909-இல் ஓல்ட்ஸ்மொபைல் விற்ற கார்களில் பெரும்பகுதி அதுதான்.