அந்த வரி முதலில் யாருடையது?

கேள்வி: பழைய ராக் பாடல்களில் ஒரு குழுவின் வரி இன்னொரு குழுவின் பாட்டில் எட்டிப் பார்ப்பது போல அடிக்கடி தோன்றுகிறது. அது தற்செயலா, உண்மையான தாக்கமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: முதலில் எது முன்னால் வந்தது என்று பாருங்கள். அப்புறம், பின்னால் எழுதியவர் அதைக் கேட்டிருக்க வாய்ப்பு உண்டா, அதைப் பற்றி அவரே ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்று தேடுங்கள். காதல், சாலை, மழை, ரயில் எல்லாம் எல்லோர் பாட்டிலும் வரும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. யாருக்கும் சட்டென்று தோன்றாத ஒரு சொல் இரண்டு இடத்திலும் இருந்தால்தான் நிமிர்ந்து உட்கார வேண்டும். 1976 மே மாதம் வந்த 'தி ராயல் ஸ்காம்' ஆல்பத்தில் ஸ்டீலி டான் என்ற ராக் குழுவினர் ஒரு தம்பதியின் சண்டையைப் பாடுகிறார்கள், அதன் நடுவே ஈகிள்ஸ் என்ற இன்னொரு குழுவின் பாட்டைச் சத்தமாக வை, பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள் என்று ஒரு வரி வருகிறது. அதே வருடம் டிசம்பரில் வந்த ஈகிள்ஸின் 'ஹோட்டல் கலிபோர்னியா'வில், விருந்துக்குக் கூடியவர்கள் மிருகத்தைக் குத்தும் கத்திகள் 'ஸ்டீலி' (எஃகு போன்ற) கத்திகள். அது ஸ்டீலி டானுக்குப் போட்ட பதில் வணக்கம்தான் என்று ஈகிள்ஸின் க்ளென் ஃப்ரேயே சொல்லியிருக்கிறார். தேதி, சொல், வாக்குமூலம் மூன்றும் பொருந்துகிற இப்படி ஒரு உதாரணம் கிடைப்பது அபூர்வம்.

கேள்வி: லெட் ஜெப்லினின் 'ஹோல் லாட்டா லவ்' ஸ்மால் ஃபேசஸ் பாட்டிலிருந்து எடுத்ததுதானே?

பதில்: பாதி சரி. ஸ்மால் ஃபேசஸின் 'யூ நீட் லவ்விங்' 1966, ஜெப்லின் பாட்டு 1969. ஜெப்லின் பாடகர் ராபர்ட் ப்ளான்ட் சொற்களை இழுத்து, உடைத்துக் கத்தும் விதத்தில் ஸ்மால் ஃபேசஸ் பாடகர் ஸ்டீவ் மாரியட் அப்படியே தெரிகிறார். ஆனால் வரிகளின் சொந்தக்காரர் இவர்கள் யாருமில்லை. ராக் இசைக்கு வேரான, கறுப்பின அமெரிக்கர்களின் ப்ளூஸ் இசையைச் சேர்ந்த வில்லி டிக்ஸன் எழுதி, மடி வாட்டர்ஸ் 1962-ல் பாடிய 'யூ நீட் லவ்' தான் இரண்டுக்கும் மூலம். ஸ்மால் ஃபேசஸ் ஆல்பத்திலும் சரி, ஜெப்லின் ஆல்பத்திலும் சரி, டிக்ஸன் பெயரைப் போடவில்லை. 1985-ல் அவர் ஜெப்லின் மீது வழக்குப் போட்டார், இரண்டு வருடத்தில் சமரசம் ஆனது, பிறகுதான் அவர் பெயர் அந்தப் பாட்டில் ஏறியது. எனக்கு இது இன்றும் வலிக்கிற விஷயம். இரண்டு ராக் குழுக்களுக்கு நடுவே ஒற்றுமை தெரிந்தால், இவர் அவரைப் பார்த்து எழுதினார் என்று முடிவு கட்டுவதற்கு முன், இருவருக்கும் பின்னால் ஒரு ப்ளூஸ் பாடகர் நிற்கிறாரா என்று தயவுசெய்து பாருங்கள். பெரும்பாலும் நிற்பார்.

கேள்வி: ஒரே ஒரு வரிக்காகக்கூட வழக்கு வந்ததுண்டா?

பதில்: உண்டு, அதுவும் பீட்டில்ஸ் மீதே. 'கம் டுகெதர்' பாட்டை பீட்டில்ஸின் ஜான் லெனன் கொண்டு வந்தபோது, இது ராக் அண்ட் ரோல் முன்னோடி சக் பெர்ரியின் 'யூ கான்ட் கேட்ச் மீ' மாதிரி இருக்கிறதே என்று சக பீட்டில் பால் மெக்கார்ட்னி கண்டுபிடித்து, வேகத்தைக் குறைக்கச் சொன்னார். இசை வேறு ஆளாகிவிட்டது. ஆனால் ஃப்ளாட்-டாப் வருகிறான் என்ற அந்தத் தொடக்க வரி மட்டும் கொஞ்சம் மாறி அப்படியே தங்கிவிட்டது. பெர்ரி பாட்டின் உரிமையை வைத்திருந்த மோரிஸ் லெவி வழக்குப் போட, லெவி வசமுள்ள பாடல்களை லெனன் பாடித் தர வேண்டும் என்று சமரசம் ஆனது. அதனால்தான் 1975-ல் வந்த 'ராக் அண்ட் ரோல்' ஆல்பத்தில் அதே பெர்ரி பாட்டு லெனன் குரலில் இருக்கிறது. அதையும் 'கம் டுகெதரை'யும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள்.