சென்னையில் தொலைநோக்கி இல்லாமல் மாலை வானத்தைப் பார்க்கப் பழகுவது எப்படி?

நகர வெளிச்சத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே விண்மீன்கள் தெரியும் சென்னையில், எது கோள், எது விண்மீன் என்று அறிய எங்கிருந்து தொடங்குவது, முதலில் தொலைநோக்கி வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வாங்க வேண்டாம். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

அந்தத் தாளில் ‘ரோகிணி’, ‘மகம்’ என்று அச்சிட்டிருப்பதை நல்ல நாள் பார்ப்பதற்கு மட்டுமே பெரும்பாலான வீடுகளில் பயன்படுத்துகிறார்கள். உண்மையில் அது அன்றைக்கு நிலவு வானத்தில் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லும் குறிப்பு. நிலவு ஏறத்தாழ 27.3 நாட்களில் விண்மீன்களின் ஊடே ஒரு சுற்று வந்துவிடுவதால், நாளொன்றுக்குச் சுமார் 13 டிகிரி, அதாவது ஒரு நட்சத்திரம் வீதம் கிழக்கு நோக்கி நகர்கிறது. ஆகவே ரோகிணி என்று போட்டிருக்கும் நாளில் நிலவுக்குப் பக்கத்தில் செம்மஞ்சளாக ஒளிர்வது ரோகிணி விண்மீன்தான். கையை நேராக நீட்டி விரல்களை மடக்கிப் பிடித்தால் முட்டி வானத்தில் சுமார் 10 டிகிரியை மறைக்கும். நிலவிலிருந்து ஏறத்தாழ அந்த அளவுக்குள் தேடினால் போதும்.

தொடங்குவதற்கு மாசி மாதத்தைவிட நல்ல காலம் சென்னையில் இல்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். கோடையின் புழுக்கமும் மங்கலும் இன்னும் வந்திருக்காது. அம்மாதத்து ரோகிணி நாளில் நிலவு ஏறத்தாழ பாதியாக இருக்கும். இரவு ஏழு மணிக்கு அது உச்சி வானத்தை ஒட்டி நிற்கும். அதிலிருந்து சற்று மேற்கே நெருக்கமான சிறு கொத்தாகக் கார்த்திகையும், கிழக்கே வரிசையாக மூன்று விண்மீன்களும், அவற்றுக்கு வடகிழக்கில் சிவந்த திருவாதிரையும் தெரியும். எட்டு மணி வாக்கில் நேர் தெற்கே திரும்பினால், அடிவானத்திலிருந்து இரண்டரை முட்டி உயரத்தில் அகத்தியர் பெயரால் நாம் வழங்கும் விண்மீனைக் காணலாம். இரவு வானத்தில் ஒளியில் இரண்டாம் இடம் பெற்ற இந்த விண்மீன் லண்டனில் உதிப்பதே இல்லை. 13 டிகிரி வட அட்சத்தில் வாழும் நமக்குக் கிடைத்த பேறு அது.

ஆனால் 27 நட்சத்திரங்களையும் இந்த முறையில் பிடித்துவிட முடியாது. மகம், சித்திரை இரண்டும் நிலவின் பாதையை ஒட்டியே இருப்பதால் எளிதில் அகப்படும். கேட்டையின் சிவந்த விண்மீனை, அனுஷம் முடிந்து கேட்டை பிறக்கும் நேரத்தையொட்டிப் பார்க்க வேண்டும். எத்தனை மணி வரை எந்த நட்சத்திரம் என்பது தாளிலேயே இருக்கும். சுவாதியும் திருவோணமும் அப்பாதைக்கு ஏறத்தாழ 30 டிகிரி வடக்கே தள்ளியிருப்பவை என்பதால் அவற்றைத் தனியாகத்தான் கற்க வேண்டும்.

இந்தப் பாதை மனத்தில் பதிந்துவிட்டால் கோள்களைக் கண்டுகொள்வது எளிது, ஏனெனில் அவையும் அதையொட்டியே செல்கின்றன. பழகிய விண்மீன்களுக்கு நடுவே மின்னாமல் ஒளிரும் புதியவர் யாராவது இருந்தால் அது கோள்தான். குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சிச் செய்திகளையும் இதற்குப் பயன்படுத்தலாம்: வியாழன் சுமார் 12 ஆண்டுகளிலும் சனி 29½ ஆண்டுகளிலும் சூரியனைச் சுற்றுவதால், முன்னது ஒரு ராசியில் ஓராண்டும் பின்னது இரண்டரை ஆண்டும் தங்கும், ஆகையால் ராசி தெரிந்தால் தேட வேண்டிய இடமும் ஏறத்தாழத் தெரிந்துவிடும். வெள்ளி சூரியனை விட்டு 47 டிகிரிக்கு மேல் விலகாது என்பதால், மாலையில் அதை மேற்கே மட்டும் பார்த்தால் போதும்.

இடத்தைப் பொறுத்தவரை, மெரினாவும் பெசன்ட் நகர்க் கடற்கரையும் கிழக்கு பார்த்தவை என்பதை நினைவில் கொள்ளுங்கள். பௌர்ணமி நிலவு எழுவதற்கும், சூரியனுக்கு நேர் எதிரே வரும் காலத்தில் வியாழனும் சனியும் மாலையில் உதிப்பதற்கும் அவற்றைவிடச் சிறந்த இடம் இல்லை. மூன்றாம் பிறைக்கும் வெள்ளிக்கும் மேற்கு திறந்த மொட்டை மாடிதான் வேண்டும்.

இப்படிப் பார்ப்பது இந்நகரத்துக்குப் புதிதன்று. நுங்கம்பாக்கத்தில் 1792இல் வானாய்வகம் அமைந்தது. அங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். பஞ்சாங்கக் கணக்கு வானில் காண்பதோடு ஒத்துப்போகும்படி திருத்தப்பட வேண்டும் என்று வலியுறுத்தியவரும் அவரே. நாள்காட்டித் தாளையும் வானத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் எவரும் அவர் செய்த வேலையின் சிறு பகுதியைச் செய்கிறார் என்றே நான் எண்ணுகிறேன்.

அடுத்த கட்டமாக 10×50 (10 மடங்கு உருப்பெருக்கம், 50 மி.மீ. முகப்பு வில்லை) பைனாகுலர் ஒன்று வாங்குங்கள். மாடியின் கைப்பிடிச் சுவரில் முழங்கைகளை ஊன்றிக்கொண்டு பிடித்தால் வியாழனின் நான்கு பெரிய துணைக்கோள்கள் ஒரே கோட்டில் புள்ளிகளாகத் தெரியும். மறுநாள் அவை இடம் மாறியிருக்கும். நிலவைப் பௌர்ணமியன்று பார்க்காமல் அரை நிலவாக இருக்கும்போது பாருங்கள். ஒளியும் இருளும் சேரும் எல்லையில்தான் பள்ளங்களின் நிழல் நீண்டு விழுந்து ஆழம் புலப்படும். சனியின் வளையங்களைப் பிரித்துக் காண 30 மடங்கு உருப்பெருக்கமாவது வேண்டும். அந்த ஆசை வரும்போது தொலைநோக்கி வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.