நடைபாதை, சைக்கிள் பாதைக்கு டிராயிங் கொடுத்து, நாளை யாராவது விழுந்தால் கேஸ் நம் மேல் வருமா?

வேலூரில் ஒரு தெருவுக்கு இப்படி டிராயிங் கொடுக்கவே பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கன்சல்டன்ட் ஆபீசில் வேலை பார்ப்பவர் என்று எடுத்துக்கொள்கிறேன். புதிதாக ஒன்றைச் செய்தீர்கள் என்பதற்காகச் சட்டம் பிடிக்காது. ஆபத்து தெரிந்தும் விட்டுவிட்டால் பிடிக்கும்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் 198ஏ பிரிவைச் சேர்த்தது. நிர்ணயித்த தரத்தை விட்டதால் உயிர் போனாலோ ஊனம் ஆனாலோ, ரோட்டுக்குப் பொறுப்பான துறை, கான்ட்ராக்டர், கன்சல்டன்ட் யாரானாலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்தப் பணமும் அடிபட்ட குடும்பத்துக்குப் போகாது, விபத்து நிதிக்குத்தான் போகும். இது அநியாயம் என்பதே என் கருத்து.

என்ன மாதிரிப் போக்குவரத்து உள்ள ரோடு, குறை நமக்குத் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்கலாமா, சரிசெய்ய அவகாசம் இருந்ததா, எச்சரிக்கைப் பலகை இருந்ததா என்றெல்லாம் கோர்ட் பார்க்கும். சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கம் வாக்கர் பிடித்து நடக்கும் நோயாளிகள் அதிகம். அங்கே கால்வாய் ஸ்லாபையே நடைபாதையாக்கி முழங்கால் உயரத்துக்குத் தூக்கினால், அவர்கள் ரோட்டில் இறங்கித்தான் நடப்பார்கள். ஐ.ஆர்.சி. 103 (நடப்பவர் வசதிக்கான இந்தியச் சாலைக் காங்கிரஸ் வழிகாட்டி) சொல்வது தடையில்லாத 1.8 மீட்டர் அகலம், கர்ப் (ஓரக் கல்) உயரம் 150 மி.மீ.க்கு மேல் கூடாது. இடத்தில் 1.5 மீட்டர்தான் கிடைக்கிறதா? ஏன் என்று எழுதுங்கள், டேப் வைத்துத் தேதியோடு போட்டோ எடுத்து ஃபைலில் சேருங்கள். வழியை அடைத்து நிற்கும் டிரான்ஸ்பார்மரை நகர்த்தச் சொல்லி மின்வாரியத்துக்கு எழுதிய கடித நகலும் அதிலேயே இருக்கட்டும்.

சைக்கிளுக்குப் பெரிய எமன் சாக்கடை மூடி. நம் சாதா சைக்கிள் டயர் ஒன்றரை அங்குலம். மூடியின் கம்பிகள் ரோட்டின் நீளவாக்கில், இரண்டு அங்குல இடைவெளியில் இருந்தால் முன்சக்கரம் அப்படியே இறங்கும், ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். கம்பி குறுக்காக வரவேண்டும் என்பதை டிராயிங்கிலேயே அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள், வாய்வார்த்தையாக விடாதீர்கள்.

வேகத்தடை அகலமாகச் சரிந்து, 10 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். ராவோடு ராவாகக் கொட்டும் குறுகலான மேடு, பெயின்டும் பலகையும் இல்லாமல், பின்சீட்டில் இருப்பவரைத் தூக்கி எறியும்.

"ஃபண்ட் இல்லை" என்பது பதிலாகாது. மத்தியப் பிரதேசத்து ரத்லாம் நகராட்சி மேல் நடந்து 1980-ல் தீர்ப்பான வழக்கைக் காட்டினால், அது சாக்கடை வழக்குதானே என்பார்கள். ஆனால் கடமையைச் செய்யப் பணமில்லை என்று நகராட்சி சொன்னதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. (வழக்கே வந்துவிட்டால் வக்கீலைப் பாருங்கள், இந்தப் பதிலை நம்பி நிற்காதீர்கள்.)

முதலில் ரோடு யாருடையது என்று பாருங்கள். வேலூர் சத்துவாச்சாரியில் நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டைத் தொட தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும்.