மறதிக்கான மரபணுப் பரிசோதனை: தெரிந்துகொள்வதே தீங்காகுமா?

கேள்வி: எனக்கு வயது 47. என் அம்மாவுக்கு (74) ஓராண்டாக மறதி கூடி வருகிறது. மருத்துவரிடம் இன்னும் காட்டவில்லை. இதைப் பார்த்துப் பயந்துபோன என் அண்ணன், நாங்கள் இருவரும் மாஸ்டர் செக்கப்புடன், அல்சைமர் நோய் வருமா என்று காட்டும் மரபணுப் பரிசோதனையையும் செய்துகொள்ள வேண்டும் என்கிறார். 'தேவைக்கு மேல் தெரிந்துகொண்டால் நிம்மதி போய்விடும்' என்று என் கணவர் தடுக்கிறார். ஒன்றைத் தெரிந்துகொள்வதே ஒருவருக்குத் தீங்காக முடியுமா?

பதில்: முடியும். ஆனால் உங்கள் கணவர் அஞ்சுகிற மனக்கவலையைவிட, பரிசோதனை முடிவு கைக்கு வந்தபின் சும்மா இருக்க முடியாமல் நாம் செய்துகொள்ளும் காரியங்களால்தான் தீங்கு அதிகம் நேர்கிறது என்பதை மருத்துவத் துறை சற்றுத் தாமதமாகவே புரிந்துகொண்டது.

தென்கொரியாவில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே 1999-இல் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அத்திட்டத்தில் இல்லை. இருந்தாலும், வந்தவர்களுக்குச் சிறு கூடுதல் கட்டணத்தில் கழுத்து ஸ்கேனையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும் வாய்ப்பை மருத்துவமனைகள் தந்தன. 2011-இல் மட்டும் 40,000-க்கும் மேற்பட்டோருக்குத் தைராய்டுப் புற்றுநோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டது. இது 1993-இல் இருந்த விகிதத்தைப் போல 15 மடங்கு. இத்தனை பேரை முன்கூட்டியே கண்டுபிடித்ததால் இறப்பு குறைந்திருக்க வேண்டும் அல்லவா? இறப்பு விகிதம் அசையவே இல்லை. வாழ்நாள் முழுவதும் எந்தத் தொல்லையும் தராமல் கிடந்திருக்கக்கூடிய சிறு கட்டிகளே பெரும்பாலும் அகப்பட்டன. அவற்றுக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் சுமார் 11 சதவீதத்தினருக்குக் கால்சியத்தைச் சீராக்கும் சுரப்பி பழுதடைந்தது. 2 சதவீதத்தினருக்குக் குரல்நாண் செயலிழந்தது. கட்டி இருப்பது தெரியாமலே இருந்திருந்தால் இவர்களில் பலர் நலமாக இருந்திருப்பார்கள். 2014-இல் மருத்துவர்கள் சிலர் சேர்ந்து இதை வெளிப்படையாக எச்சரித்தபின், ஓராண்டிலேயே அறுவை சிகிச்சைகள் மூன்றில் ஒரு பங்குக்குமேல் குறைந்தன.

மாஸ்டர் செக்கப்பிலும் இதே வகைச் சிக்கல் உண்டு. இரத்தப் பரிசோதனைகள் பலவற்றில் 'இயல்பு அளவு' என்று அச்சிடப்படுவது, ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதத்தினர் அடங்கும் எல்லையாகும்; மீதி 5 சதவீதத்தினர் நலமாக இருந்தும் எல்லைக்கு வெளியே விழுவார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை நலமான ஒருவருக்குச் செய்தால், ஏதேனும் ஒன்றாவது எல்லைக்கு வெளியே விழுந்து தடித்த எழுத்தில் வருவதற்கு 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. பேக்கேஜில் பரிசோதனைகளின் எண்ணிக்கை கூடுவதை விளம்பரங்கள் பெருமையாகச் சொல்வது எனக்கு எப்போதுமே வியப்பளிக்கும். உங்கள் வயதில் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை ஆகியவற்றைத் தயங்காமல் செய்துகொள்ளுங்கள். இவற்றில் கோளாறு தெரிந்தால் அடுத்து என்ன செய்வது என்பதும், அதனால் பலன் உண்டு என்பதும் உறுதியாகத் தெரியும். தொந்தரவு எதுவும் இல்லாதபோது முழு உடல் ஸ்கேன் வேண்டாம்.

இனி மரபணு. இங்கே விஷயம் நுட்பமானது. பரிசோதிக்கப்படுவது பெரும்பாலும் ஏபோ-ஈ என்ற மரபணுதான். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என அதன் இரு பிரதிகள் நம் ஒவ்வொருவருக்கும் உண்டு. அதன் 4-ஆம் வகை ஒரு பிரதி இருந்தால் அல்சைமர் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு, மூன்று மடங்காகவும், இரு பிரதிகள் இருந்தால் அதைவிடப் பல மடங்காகவும் கூடுகிறது. ஆயினும் அது இருந்தும் நோய் வராதவர்கள் உண்டு; அது இல்லாமலே நோய் வந்தவர்களும் உண்டு. ஆகவே உங்களுக்குக் கிடைக்கப்போவது 'வரும்', 'வராது' என்ற விடை அன்று. டிஎன்ஏவின் அமைப்பைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன், தம் முழு மரபணுத் தொகுதியையும் வெளியிட இசைந்தபோது, இந்த ஒரு மரபணுவின் விவரத்தை மட்டும் தமக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மூளையைப் படிப்படியாகச் சிதைக்கும் பரம்பரை நோயான ஹண்டிங்டன் நோய்க்கான மரபணு 1993-இல் கண்டுபிடிக்கப்படும் முன்பு, அந்நோய் உள்ள குடும்பங்களில் பெரும்பாலோர் பரிசோதனை வந்தால் செய்துகொள்வோம் என்றார்கள். வந்தபின் செய்துகொண்டவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. எனவே, தெரிந்துகொள்ள விரும்பாதவரைக் கோழை என்று சொல்ல நான் இசைய மாட்டேன்.

அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், ஏபோ-ஈ முடிவைத் தகுந்த ஆலோசனையுடன் சொன்னபோது, அபாய வகை இருப்பதாக அறிந்தவர்களுக்கும் நீடித்த மனச்சோர்வோ பதற்றமோ வரவில்லை. இந்த அளவில் உங்கள் கணவரின் அச்சம் மிகையானதே. ஆனால் கலிபோர்னியாவில் முதியவர்களிடம் நடத்தி 2014-இல் வெளியான இன்னோர் ஆய்வு என்னை யோசிக்க வைத்தது. அபாய வகை தமக்கு இருப்பதாக அறிந்தவர்கள், அதே வகை இருந்தும் அதை அறியாதவர்களைவிடத் தம் நினைவாற்றலைத் தாழ்வாக மதிப்பிட்டதோடு, நினைவாற்றல் தேர்வு ஒன்றிலும் குறைவாகவே செய்தார்கள். இரு சாராருக்கும் மரபணு ஒன்றே. தெரிந்ததும் தெரியாததுமே வேறுபாடு. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லோருக்கும் நேர்வதுதான், ஆனால் இந்த முடிவைக் கையில் வைத்திருப்பவர் ஒவ்வொரு தேடலையும் நோயின் தொடக்கமாகப் பார்க்க நேரிடும்.

உங்கள் நிலையில், முடிவு எப்படி வந்தாலும் நீங்கள் செய்ய வேண்டியவை மாறப்போவதில்லை: இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தல், அன்றாட உடற்பயிற்சி, காது மந்தமானால் கருவி பொருத்திக்கொள்ளுதல், புகையைத் தவிர்த்தல். ஆகவே இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் பரிந்துரை. லெக்கனமாப் போன்ற புதிய அல்சைமர் மருந்தைத் தருவதற்கு முன் மருத்துவரே இந்தப் பரிசோதனையைக் கேட்டால் அது வேறு. 4-ஆம் வகை இரட்டையாக உள்ளவர்களுக்கு அம்மருந்தால் மூளையில் வீக்கமும் கசிவும் ஏற்படும் அபாயம் கூடுதல் என்பதால், அங்கே அந்த முடிவுக்கு வேலை இருக்கிறது.

அண்ணன் தனியாகச் செய்துகொள்வதை நீங்கள் தடுக்க முடியாது. ஆனால் அவருடைய முடிவு அவரோடு நிற்காது. அவருக்கு இரு பிரதிகளும் 4-ஆம் வகையாக வந்தால், பெற்றோர் இருவரிடமும் அது இருந்திருக்கிறது என்றும், உங்களுக்குக் குறைந்தது ஒரு பிரதியாவது இருக்க நான்கில் மூன்று பங்குக்குக் குறையாத வாய்ப்பு உண்டு என்றும் பொருள். எனவே மாதிரியைக் கொடுக்கும் முன்பே, முடிவை உங்களிடம் சொல்வதா வேண்டாமா என்று அவரோடு பேசித் தீர்மானித்துக்கொள்ளுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.

இவ்வளவு பேச்சிலும், முதலில் பரிசோதிக்கப்பட வேண்டியவர் உங்கள் அம்மாதான். தைராய்டு சுரப்புக் குறைவு, பி12 சத்துக்குறைவு, மனச்சோர்வு, தூக்கத்துக்கோ ஒவ்வாமைக்கோ எடுக்கும் சில மாத்திரைகள் ஆகியவற்றாலும் மறதி வரலாம்; இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். இந்த மாதமே நரம்பியல் மருத்துவரிடமோ முதியோர் நல மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். அம்மா எடுக்கும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு கொண்டுபோங்கள். டிஎஸ்எச் (தைராய்டுக்கானது), பி12 இரத்தப் பரிசோதனைகள் தேவையா என்றும் கேளுங்கள்.